கண்ணைக் கொடுத்துப் படம் எடுத்தவர்



இந்த மாதச் சுவர் இதழில் வாழ்க்கை வரலாறு எழுதும் முறை எனக்கு வந்தது. காந்தியடிகள், காமராசர், பாரதியார், அன்னை தெரசா எல்லாரையும் அக்காமார்கள் ஏற்கனவே எழுதிட்டாங்க. அதனால நான் யாரும் எழுதாத ஒருத்தரைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் ஒரு கேள்வி. நீங்க கடைசியா பார்த்த சினிமாவில் நடிச்சது யார்? உடனே சொல்லிடுவீங்க. பாட்டு பாடினது யார்? அதையும் சொல்லிடுவீங்க. அதைக் கேமராவில் படம் பிடிச்சது யார்? எங்க வகுப்பில் இதைக் கேட்டேன். நாற்பத்தி இரண்டு பேரும் கப்சிப். கேள்வி கேட்ட எனக்கும் தெரியாது!

படம் பிடிக்கிற கலைக்குப் பெயர் ஒளிப்பதிவு. நடிக்கிறவர் அழுதால் மட்டும் போதாது. அந்தக் கண்ணீர் மேல வெளிச்சம் விழணும். கேமரா சரியான இடத்தில் நின்று அதைப் பார்க்கணும். அப்போதான் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற நமக்கும் அழுகை வரும். இந்தக் கலையை நம் நாட்டில் வேரூன்ற வைக்க ஒருவர் தன் சொத்தை, வேலையை, கடைசியில் தன் கண்ணையே பணயம் வைத்தார். அவர்தான் இந்திய சினிமாவின் தந்தை தாதாசாகேப் பால்கே. அவர் கதையோடு, அவர் வீட்டில் இருந்த இன்னொருவரின் கதையும் சேர்ந்து வரும். அது யார் என்று போகப் போகத் தெரியும்.

பிறப்பும் படிப்பும்

பால்கேயின் இயற்பெயர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. 1870 ஏப்ரல் 30-ஆம் நாள் மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கத்தில் உள்ள திரியம்பகம் என்ற ஊரில் பிறந்தார். அப்பா சமஸ்கிருத பண்டிதர். பிள்ளையும் தன்னைப் போலவே சாஸ்திரம் படிக்கணும் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் பிள்ளைக்கு ஓவியத்தில்தான் ஆசை. 1885-இல் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு பரோடாவில் கலாபவன் என்ற கல்லூரியில் ஓவியத்தோடு புகைப்படக் கலையும் கற்றுக்கொண்டார்.

படிச்சு முடிச்சதும் குஜராத்தில் கோத்ரா என்ற ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்தார். அங்கேதான் முதல் அடி விழுந்தது. பிளேக் நோய் வந்து அவருடைய முதல் மனைவியும் குழந்தையும் இறந்துபோனார்கள். ஊரையே விட்டுக் கிளம்பிவிட்டார். வேற ஊரில் மறுபடியும் தொழில் தொடங்கினால், கேமரா முன்னாடி நின்றால் உடம்பில் உள்ள சக்தியை அது உறிஞ்சிடும் என்று மக்கள் பயந்தார்கள். இப்போ நமக்குச் சிரிப்பு வருது. அன்றைக்கு அது அவருடைய சோற்றுக்கே வந்த ஆபத்து.

அவர் சும்மா இருக்கவில்லை. மேஜிக் வித்தை கற்றார். தன் பெயரைத் திருப்பிப் போட்டு கேல்பா என்று வைத்துக்கொண்டு மேடையில் வித்தை காட்டினார். (பால்கே என்று எழுதி பின்னாடி இருந்து படிச்சுப் பாருங்க!) 1903-இல் தொல்பொருள் துறையில் போட்டோ எடுக்கிற அரசாங்க வேலை கிடைத்தது. சுதேசி இயக்கம் வந்தபோது அதையும் விட்டார். ஓவியர் ராஜா ரவிவர்மாவின் சாமிப் படங்கள் அச்சாகும் அச்சகத்துக்கு வேலை செய்தார். பிறகு சொந்தமாக அச்சுத் தொழில் தொடங்கி, கலர் அச்சு இயந்திரத்துக்காக 1909-இல் ஜெர்மனி வரை போய் வந்தார். நன்றாக நடந்த தொழிலில் பங்குதாரர்களோடு மனஸ்தாபம் வந்தது. கையை உதறிட்டு வெளியே வந்துவிட்டார்.

அப்போ அவருக்கு நாற்பது வயசு. கையில் வேலை இல்லை. 1902-இல் மறுமணம் செய்த மனைவி சரஸ்வதியும் பிள்ளைகளும் வீட்டில் இருந்தார்கள்.

ஒரு படம் பார்த்தார்

1911-ஆம் ஆண்டு வாக்கில் பம்பாயில் ஒரு கொட்டகையில் இயேசுநாதர் வாழ்க்கை பற்றிய வெளிநாட்டுப் படம் ஓடியது. பால்கே போய்ப் பார்த்தார். திரையில் இயேசு நடந்து வந்தார். ஆனால் பால்கேயின் மனசுக்குள் கிருஷ்ணரும் ராமரும் நடந்து வந்தார்கள். நம்ம கதைகளை நாமே இப்படி எடுக்கணும் என்று முடிவு செய்துவிட்டார். மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் மறுபடி பார்த்தார்.

அதுக்கப்புறம் அவருக்குத் தூக்கமே இல்லை. கிடைத்த படத்தை எல்லாம் பார்த்தார். இரவெல்லாம் பிலிம் துண்டுகளை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி. கண்ணுக்கு ஓய்வே தரவில்லை. கடைசியில் பார்வை போய்விட்டது!

தோழிகளே, கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. படம் எடுக்க ஆசைப்பட்டவருக்குக் கண் தெரியலை. எங்க ஆயாவுக்குக் கண்ணில் புரை விழுந்தபோது அடுப்படிக்கு வழி தெரியாமல் சுவரைத் தடவிக்கிட்டே நடந்தாங்க. அதைப் பார்த்ததால எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது நெஞ்சு படபடன்னு அடிச்சது. நல்ல வேளையாக ஒரு கண் மருத்துவர் சிகிச்சை செய்து, சில கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, பார்வையைத் திரும்பக் கொண்டுவந்தார். வேற யாராக இருந்தாலும் இதோட போதும்டா சாமின்னு விட்டிருப்பாங்க. பால்கே விடவில்லை.

தன் இன்சூரன்ஸ் பாலிசியை அடகு வைத்துக் கடன் வாங்கினார். 1912 பிப்ரவரியில் லண்டனுக்குக் கப்பல் ஏறினார். தெரிந்தவர்கள் யாரும் இல்லாத ஊர். நேராக பயாஸ்கோப் என்ற சினிமாப் பத்திரிகையின் ஆபீசுக்குப் போய் ஆசிரியரைப் பார்த்தார். அவர் மூலமாக செசில் ஹெப்வொர்த் என்ற படத்தயாரிப்பாளரின் ஸ்டுடியோவைச் சுற்றிப் பார்த்து வேலையைக் கற்றுக்கொண்டார். வில்லியம்சன் கேமரா ஒன்றும், பிலிமில் துளை போடும் இயந்திரமும் வாங்கிக்கொண்டு ஏப்ரல் மாதம் ஊர் திரும்பினார்.

பட்டாணிச் செடி நடித்த படம்

திரும்பி வந்தால் படம் எடுக்கப் பணம் இல்லை. பணம் இருக்கிறவர்களுக்கோ நம்பிக்கை இல்லை. பால்கே என்ன செய்தார் தெரியுமா? ஒரு தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றினார். அதுக்கு முன்னாடி கேமராவை வைத்தார். ஒரு மாதத்துக்கு மேல, இடைவெளி விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் படம் பிடித்தார்.

ஏழாம் வகுப்பில் அறிவியல் டீச்சர் ஈரத்துணியில் பச்சைப்பயறு முளைக்க வைக்கச் சொன்னாங்க இல்லையா? தினமும் அது எப்படி இருக்குன்னு நோட்டில் வரைஞ்சோம். அந்தப் படங்களை ஒரே இடத்தில் வரும்படி நோட்டு மூலையில் வரைந்து, பக்கங்களைச் சர்ர்ர்னு புரட்டினால் என்ன ஆகும்? பயறு கண்ணெதிரே முளைக்கும்! ஏன்னா ஒரு படம் போனதும் அடுத்த படம் வேகமாக வந்துவிடுகிறது. தனித்தனிப் படங்களை நம்ம மூளை ஒன்றாகச் சேர்த்து அசைவாக்கிவிடும். சினிமாவின் ரகசியமே இதுதான்.

பால்கே படத்தைப் போட்டுக் காட்டினார். ஒரு நிமிஷத்துக்கும் சற்று மேல்தான் அந்தப் படம். விதை வெடித்து, முளை வந்து, கொடி படர்ந்ததைப் பார்த்து எல்லாரும் வாயைப் பிளந்துட்டாங்க. கடன் கொடுக்க ஆள் வந்தது. அதுவும் போதாமல் சரஸ்வதி அம்மாளின் நகைகளும் அடகுக்குப் போயின.

மீசையும் கதாநாயகியும்

எடுக்க நினைத்த கதை அரிச்சந்திரன் கதை. உண்மை பேசினதுக்காக நாட்டையும் மனைவியையும் மகனையும் இழந்த ராஜா. நம்ம ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடக்குமே, அதே கதைதான்.

ராணி தாராமதி வேஷத்துக்குப் பெண் வேண்டும். ஒருத்தரும் வரவில்லை. பெண்கள் நடிப்பது அன்றைக்குப் பெரிய அவமானம். கடைசியில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த அண்ணா சாளுங்கே என்ற இளைஞருக்குப் புடவை கட்டி ராணியாக்கினார். பெண் வேஷம் போட்ட மற்ற ஆண்கள் மீசையை எடுக்கமாட்டேன்னு அடம் பிடிச்சாங்களாம். அப்பா இறந்தால்தானே மீசையை எடுப்பாங்க, உயிரோடு இருக்கும்போது எப்படி எடுப்பது என்று பயம்! அவங்களைச் சம்மதிக்க வைப்பதற்குள் பால்கேக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அரிச்சந்திரனின் மகன் லோகிதாசனாக நடித்தது பால்கேயின் சொந்த மகன் பாலச்சந்திரா.

கேமராவைப் பிடித்தவர் திரியம்பக் தெலாங் என்ற நண்பர். அவருக்கு பால்கேதான் கற்றுக்கொடுத்தார். அந்தக் காலக் கேமராவில் மோட்டார் கிடையாது. பக்கத்தில் கைப்பிடி இருக்கும். அதைக் கையால் சுற்றணும். பொதுவாக ஒரு வினாடிக்கு இரண்டு சுற்று, ஒரு சுற்றுக்கு எட்டுப் படம். ஆக ஒரு வினாடிக்கு 16 படங்கள். மெதுவாகச் சுற்றிவிட்டால் திரையில் ஆட்கள் விறுவிறுன்னு ஓடுவாங்க. வேகமாகச் சுற்றிவிட்டால் மிதக்கிற மாதிரி நடப்பாங்க. மனசுக்குள் எண்ணிக்கொண்டே, ஒரே சீராக, கை வலிச்சாலும் நிறுத்தாமல் சுற்றணும்.

கைப்பிடியை நடுவில் நிறுத்தி, ஆளை விலக்கிவிட்டு மறுபடி சுற்றினால் அந்த ஆள் மாயமாகிவிடுவார். ஒரே பிலிமில் இரண்டு தடவை படம் பிடித்தால் நெருப்புக்குள் உருவம் தோன்றும். மேஜிக் மேடையில் கற்ற வித்தை எல்லாம் பால்கேக்கு இங்கே உதவியது.

இருட்டில் வேலை செய்தவர்

இப்போதான் நான் முதலில் சொன்ன அந்த இன்னொருவர் வருகிறார். அவர்தான் சரஸ்வதி பால்கே.

படத்தில் வேலை செய்தவர்கள் எல்லாருக்கும், கிட்டத்தட்ட எழுபது பேருக்கு, அவர்தான் சமைத்தார். வேஷத் துணிகளைத் துவைத்தார். அத்தோடு நிற்கவில்லை. அன்றைக்குப் பெரிய மின்விளக்கு வசதி எல்லாம் இல்லை. சூரிய வெளிச்சத்தில்தான் படப்பிடிப்பு. வெயில் மேலே இருந்து விழுந்தால் நடிகர் முகத்தில் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். அந்த நிழலைப் போக்க எதிரே வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்து, வெளிச்சத்தை முகத்தில் திருப்பி அடிக்கணும். அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் மணிக்கணக்காக நின்றவர்களில் சரஸ்வதி அம்மாளும் ஒருவர்.

ராத்திரி ஆனால் அடுத்த வேலை. அப்போது வந்த பிலிமில் ஓரத்துத் துளைகள் இருக்காது. துளை இருந்தால்தான் கேமராவின் பல் சக்கரம் பிலிமை இழுக்கும். வெளிச்சம் பட்டால் பிலிம் கெட்டுவிடும் என்பதால் இருட்டிலேயே இயந்திரத்தில் செலுத்தித் துளை போடணும். பால்கே இதைத் தன் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். படம் பிடித்த பிலிமை மருந்து நீரில் கழுவும் வேலையையும் அவர் கற்றுக்கொண்டார்.

கணக்குப் போட்டுப் பாருங்க!

அரிச்சந்திரன் படத்தின் நீளம் 3,700 அடி.
ஒரு அடி பிலிமில் 16 படங்கள்.
3,700 × 16 = 59,200 படங்கள்.
ஒரு படத்துக்கு இந்தப் பக்கம் 4 துளை, அந்தப் பக்கம் 4 துளை, மொத்தம் 8.
59,200 × 8 = 4,73,600 துளைகள்!

கணக்கு சார் சரிபார்த்து டிக் போட்டுட்டாங்க. வீணாய்ப்போன பிலிமைச் சேர்த்தால் இன்னும் கூடும். பகல் எல்லாம் சமைத்து, வெயிலில் நின்று, இரவில் தூக்கத்தைக் கெடுத்து இருட்டில் இந்தத் துளைகளுக்காக உட்கார்ந்திருந்தவர் கை எப்படி வலித்திருக்கும்! அந்தத் துளைகள் இல்லை என்றால் ஒரு படம்கூட நகர்ந்திருக்காது. கண்ணுக்குத் தெரியாத துளைதான் கண்ணுக்குத் தெரிகிற படத்தை இழுத்துக்கொண்டு போகிறது.

வெற்றியும் வீழ்ச்சியும்

ஆறு மாதம் இருபத்தேழு நாள் உழைப்பில் படம் முடிந்தது. 1913 மே 3-ஆம் நாள் பம்பாய் காரனேஷன் தியேட்டரில் ராஜா அரிச்சந்திரா வெளியானது. பேச்சு இல்லாத ஊமைப் படம். இந்தியர் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம் என்று இதைத்தான் சொல்கிறோம். மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள்.

அதே ஆண்டு அடுத்த படமான மோகினி பஸ்மாசுரில் துர்காபாய் காமத் என்ற அம்மாவும் அவருடைய மகள் கமலாபாயும் நடித்தார்கள். பெண்கள் நடிக்கக்கூடாது என்ற தடை உடைந்தது. 1917-இல் லங்கா தகனம். அதில் அண்ணா சாளுங்கேயே ராமர், அவரேதான் சீதையும்! பின்னாளில் சாளுங்கே கேமரா பிடிக்கிறவராகவும் ஆனார். 1919-இல் வந்த காளிய மர்த்தன் படத்தில் பாம்பின் மேல் ஆடிய குட்டிக் கிருஷ்ணன் யார் தெரியுமா? பால்கேயின் மகள் மந்தாகினி. முதல் படத்துக்கு ஒரு பெண்கூடக் கிடைக்கவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு பெண் குழந்தையே கிருஷ்ணனாகிவிட்டது.

அதுக்கப்புறம் கஷ்ட காலம். பணம் போட்ட பங்குதாரர்களோடு சேர்ந்து 1918-இல் தொடங்கிய கம்பெனியில் கருத்து வேறுபாடு வந்தது. கோபித்துக்கொண்டு காசிக்குப் போய்விட்டார். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார். 1931-இல் பேசும் படம் வந்ததும் ஊமைப் படங்களுக்கு மவுசு போய்விட்டது. 1937-இல் கங்காவதரணம் என்ற ஒரே ஒரு பேசும் படம் எடுத்தார். அதுவே கடைசி. ஏறக்குறைய 95 படங்களும் இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களும் எடுத்தவர், கையில் பணம் இல்லாமல் 1944 பிப்ரவரி 16-ஆம் நாள் நாசிக்கில் காலமானார்.

அவருடைய பெரும்பாலான படங்கள் இன்று இல்லை. அரிச்சந்திரன் படத்தின் ரீல்களிலும் சில மட்டுமே மிஞ்சின. அவற்றைப் புனே திரைப்பட ஆவணக் காப்பகம் பாதுகாத்தது.

1969-இல் இந்திய அரசு அவர் பெயரில் திரைப்படத் துறையின் உயர்ந்த விருதை ஏற்படுத்தியது. நம்ம சிவாஜி கணேசன், இயக்குநர் கே. பாலசந்தர், ரஜினிகாந்த் வாங்கியது இந்த விருதுதான். 2008-ஆம் ஆண்டுக்கான விருது வி.கே. மூர்த்தி என்ற ஒளிப்பதிவாளருக்குக் கிடைத்தது. கேமராவுக்குப் பின்னால் நின்றவருக்கும் மாலை விழுந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

நான் இதை ஏன் எழுதினேன்?

போன வருஷம் எங்க ஊர்த் திருவிழாவுக்கு வீடியோ எடுக்க ஒரு அண்ணன் வந்தார். கேமராவுக்குள்ள ஒரே ஒரு தடவை பார்க்கட்டுமா அண்ணான்னு கேட்டேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இதுன்னு சிரிச்சுட்டு, பக்கத்தில் நின்ற பையன்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் லைட் பிடிக்கிற தம்பிக்குப் பக்கத்தில் போய் நின்னுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து யார்கிட்டயும் சொல்லலை. இப்போதான் எழுதுறேன்.

சரஸ்வதி அம்மாளைப் பற்றிப் படிச்சதும் அந்த நாள் ஞாபகம் வந்தது. நம் நாட்டின் முதல் முழுநீளக் கதைப்படத்துக்கு வெளிச்சம் பிடித்ததில் ஒரு பெண்ணின் கையும் இருந்தது. பிலிமுக்குத் துளை போட்டதும் பெண்ணின் கை. ஆனால் சினிமாவின் தந்தை யார் என்ற கேள்விதான் பரீட்சையில் வருகிறது. தாய் யார் என்று யாரும் கேட்பதில்லை. பால்கே பெரியவர்தான், அவர் பெருமையை நான் குறைக்கவில்லை. அவர் பெயரை எழுதும்போது பக்கத்தில் இந்தப் பெயரையும் எழுதணும் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு நல்ல செய்தியும் இருக்கு. 1985-இல் பி.ஆர். விஜயலட்சுமி என்ற தமிழ்நாட்டுப் பெண் தமிழ்ப் படத்துக்குத் தனியாக ஒளிப்பதிவு செய்தார். ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று அவரைச் சொல்வாங்க. வெள்ளைத் துணியைப் பிடித்த கை கேமராவைப் பிடிக்க எழுபது வருஷத்துக்கு மேல ஆகியிருக்கு.

அதனால தோழிகளே, தோழர்களே! அடுத்த தடவை படம் பார்க்கும்போது முடிந்ததும் எழுந்து ஓடாதீங்க. கேமரா பிடித்தவர் யார், லைட் பிடித்தவர் யார் என்று பெயர்கள் போகும். நின்று படியுங்க.

இந்த வருஷமும் திருவிழா வரும். அந்த அண்ணனும் வருவார். நான் மறுபடியும் கேட்பேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அரசுப் பள்ளி.